துபாஷியும் நீலத்தொட்டியும்

புதுச்சேரியில் கடல் கடந்த அறிவுத் தொடர்பைப் பற்றிப் பேச எழுபவர் எவரும் அரிக்கமேட்டில் தொடங்குவது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ரோமானிய மதுச்சாடி, 1945இல் மார்ட்டிமர் வீலர் வெட்டிய குழிகள், கண்ணாடி மணிகள் என்று வரிசை தப்பாமல் வரும். அந்த மேட்டின்மேல் எனக்கு மதிப்புக் குறைவில்லை. ஆனால் மண்ணுக்கு அடியில் கிடைப்பவை பொருள்கள். ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதை மண் ஓரளவு சொல்லும். அதைச் செய்யும் வித்தை யாரிடமிருந்து யாருக்குப் போனது, போன இடத்தில் அது என்ன ஆயிற்று என்பதை அவ்வளவு துலக்கமாகச் சொல்லாது. எனக்கு இன்று வேண்டியது அந்த இரண்டாவது கதை. ஒரு நிறுவனம் புதிதாக ஒன்றைச் செய்ய முற்படும்போது தன்னிடம் உள்ள அறிவையும் வெளியிலிருந்து வரும் அறிவையும் எப்படிச் சேர்க்கிறது என்பதே இந்தச் சொற்பொழிவின் பொருள். மேலாண்மைக் கல்லூரிகளில் இதற்கு அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் எடுத்துக்காட்டு கொண்டுவருவார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இந்தக் கரையின் தறிகளும் சாயத் தொட்டிகளும் போதும். ஆகவே அரிக்கமேட்டை விட்டு 1734ஆம் ஆண்டுக்கு வருகிறேன்.

அந்த ஆண்டை ஒட்டி, பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் அதிகாரி அந்துவான் தெ பொலியூ என்பவர், புதுச்சேரியில் ஒரு சித்திரத் துணி உருவாவதைத் தொடக்கம் முதல் முடிவு வரை உடனிருந்து பார்த்தார். பார்த்ததோடு விடவில்லை. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அந்தத் துணியில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, என்ன செய்தார்கள் என்ற குறிப்போடு சேர்த்துவைத்தார். அந்தத் துண்டுகள் பாரிசின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் காக்கப்படுகின்றன. அவரை அப்படிச் செய்யச் சொன்னவர் து ஃபே என்ற வேதியியலர். பிரான்சின் சாயத் தொழிலைச் சீர்செய்யும் பொறுப்பில் இருந்தவர். சில ஆண்டுகள் கழித்து, 1742இல், கேர்தூ என்ற இயேசு சபைப் பாதிரியார் இதே வித்தையைச் சாயக்காரர்களிடம் கேட்டறிந்து ஒரு நீண்ட கடிதமாக எழுதினார். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவது, இரும்புத்துரு நீரால் கறுப்புக் கோடு இழுப்பது, சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம் தீட்டுவது, சாயவேர் இட்டுக் கொதிக்கவைப்பது, சாணத்திலும் வெயிலிலும் போட்டு வெளுப்பது, நீலம் ஏறக் கூடாத இடத்தை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவது என்று எல்லாம் அதில் இருந்தன. இந்த வித்தையின் உயிர்நிலை ஒன்றுதான்: நிறம் சாயத்தில் மட்டும் இல்லை, சாயத்தைத் துணியோடு பிடித்துவைக்கும் காரத்தில் இருக்கிறது. படிகாரம் பட்ட இடத்தில் சாயவேரின் சிவப்பு நிற்கும். படாத இடத்தில் வெளுப்பில் போய்விடும். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் உள்ள உறவைப் பின்னாளில் பாரிசுக்கு எழுதிய கேர்தூவும் இவரே. பல மொழிகளின் அடியில் ஓடும் ஒழுங்கைப் பார்க்கத் தெரிந்தவருக்கு ஒரு தொழிலின் அடியில் ஓடும் ஒழுங்கும் தெரிந்தது வியப்பில்லை.

கடிதம் அச்சில் ஏறியது. காசு கொடுத்து வாங்கிய எவரும் படிக்கலாம். படித்தவர்கள் பலர், அதை வைத்துத் தொழில் செய்து காட்டியவர்கள் சிலரே. பிரான்சில் 1686 முதல் 1759 வரை அச்சிட்ட பருத்தித் துணிக்குத் தடை இருந்தது. தடை நீங்கிய மறு ஆண்டே, 1760இல், ஓபர்காம்ஃப் என்ற ஜெர்மானிய இளைஞர் வெர்சாய்க்கு அருகே ழுயி என்ற சிற்றூரில் பட்டறை போட்டார். அவருடைய வெற்றியைப் படித்தால் ஒன்று புலப்படும். நம் ஊர்க்காரர் கலமும் கையுமாகத் தீட்டிய காரநீர், மரஅச்சில் வைத்து ஒற்றினால் துணியில் பரவிக் கோடு கலைந்துவிடும். அதற்குப் பிசின் சேர்த்துக் கெட்டியாக்க வேண்டும் என்பது அச்சுக்காரனுக்குத் தெரிந்த சங்கதி. கேர்தூவின் கடிதம் மட்டும் அதைச் சொல்லித் தராது. சாயவேர் கிடைக்காத நாட்டில் மஞ்சிட்டி இனத்து வேரைக் கொண்டு அதே சிவப்பை எடுக்கலாம் என்பது, சிவப்பு எதனால் நிற்கிறது என்று புரிந்தவனுக்கே தோன்றும். ஓபர்காம்ஃப் தன் சகோதரி மகன் சாமுவேல் விட்மரைப் பெர்த்தொலே என்ற பெரிய வேதியியலரிடம் படிக்க அனுப்பினார். 1770இல் செப்புத் தகட்டு அச்சும் 1797இல் செப்பு உருளை அச்சும் ழுயிக்கு வந்தன. அதாவது வெளியிலிருந்து வந்த அறிவு அங்கே தனியாக நிற்கவில்லை. ஏற்கெனவே வீட்டுக்குள் இருந்த அறிவு அதைக் கேள்வி கேட்டு, பொருந்தாததை மாற்றி, தன் கைக்கு ஏற்பத் திருப்பிக்கொண்டது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. கேர்தூவின் கடிதத்துக்கு மிக முன்னரே, 1670களிலேயே, ஆர்மீனியக் கைவினைஞர்கள் மார்செய் நகரில் அச்சுத்துணி செய்யத் தொடங்கிவிட்டார்கள். காரநீர் வித்தை மேற்கு ஆசியா வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைந்துவிட்டது. ஆகவே புதுச்சேரிக் கடிதத்துக்கு இவ்வளவு பெருமை தருவது சரியா என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனால் இந்த மறுப்பு என் வாதத்துக்கு எதிராக அல்ல, சார்பாகவே நிற்கிறது. ஒரு வித்தை நாலு வழியாக வந்து சேரும்போது, எந்த வழியாக வந்தது என்பது ஜெயித்தவரையும் தோற்றவரையும் பிரிப்பதில்லை. எல்லாருக்கும் கிடைத்த ஒன்றைச் சிலர் மட்டும் ஏன் பயன்படுத்தினார்கள் என்பதே கேள்வியாகிவிடுகிறது. விடையை நிறுவனத்தின் வாசலுக்கு வெளியே தேடுவதில் பயனில்லை.

இந்த விடைக்கு 1990இல் வெஸ்லி கோகன், டேனியல் லெவிந்தால் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பெயர் கொடுத்தார்கள். தமிழில் அதை ஏற்புத்திறன் என்று சொல்லலாம். புறத்தில் உள்ள புது அறிவின் மதிப்பை அறிந்து, உட்கொண்டு, பயனுக்குக் கொண்டுவரும் திறன் ஒரு நிறுவனத்திடம் ஏற்கெனவே உள்ள தொடர்புடைய அறிவைப் பொறுத்தது என்பது அவர்கள் வாதம். ஒரு கம்பெனி தன் ஆய்வுக்குச் செலவிடும் பணம் புதியதைக் கண்டுபிடிக்க மட்டுமன்று, பிறர் கண்டுபிடித்ததைப் புரிந்துகொள்ளவும் உதவுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2003இல், ஹென்றி செஸ்ப்ரோ என்பவர் திறந்த புத்தாக்கம் என்ற சொல்லைப் பரப்பினார்: நல்ல மூளை எல்லாம் நம் கம்பெனிக்குள்ளேயே இல்லை, ஆகவே கதவைத் திறங்கள் என்றார். இரண்டாவது சொல் பிரபலமாகி முதல் சொல் மறந்துபோனது நம் காலத்தின் குறை. கதவைத் திறப்பது எளிது. காற்றும் வரும், தூசியும் வரும். எது எது என்று பிரிக்க உள்ளே ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆளுக்கு இந்த ஊரில் பழைய பெயர் ஒன்று இருக்கிறது: துபாஷி. இரண்டு மொழி அறிந்தவர் என்பது சொல்லின் பொருள். ஆனால் 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் துபாஷி வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். ஆனந்தரங்கப் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்கு அவர் துபாஷியாக இருந்ததையும் 1736 முதல் 1761 வரை தினப்படி எழுதிவைத்ததையும் எல்லாரும் அறிவோம். அவர் வணிகரும்கூட, பரங்கிப்பேட்டையில் பிரெஞ்சுக்காரர்களின் பண்டகசாலை அவர் பொறுப்பில் இருந்தது. கப்பலில் எந்தத் துணிக்குத் தேவை என்பதும் அவருக்குத் தெரியும், உள்நாட்டில் எந்த நெசவாளி முன்பணம் வாங்கினால் நாள் தவறாமல் கொடுப்பான் என்பதும் தெரியும். இரண்டு பக்கமும் நம்புகிற ஒருவர், இரண்டு பக்கத்துத் தொழிலும் தெரிந்த ஒருவர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஆலன் 1970களில் ஆய்வுக்கூடங்களை ஆராய்ந்தபோது இதே ஆளைத்தான் கண்டார். ஒவ்வொரு ஆய்வுக்கூடத்திலும் மிகச் சிலர் வெளியே அதிகம் படிக்கிறார்கள், வெளியாரோடு அதிகம் பேசுகிறார்கள். உள்ளே மற்றவர்கள் சந்தேகம் கேட்பதும் அவர்களிடமே. வெளியறிவு பெரும்பாலும் அவர்கள் வழியாகவே உள்ளே வருகிறது. நம் கம்பெனிகளில் இப்படிப்பட்டவருக்குப் பதவிப் பெயர் கிடையாது. வேலை நேரத்தில் யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறார் என்ற பெயர் வேண்டுமானால் கிடைக்கும்.

இதுவரை சொன்னதில் அறிவு இங்கிருந்து அங்கே போனது. எதிர்த்திசையிலும் ஒரு கதை உண்டு. புதுச்சேரியின் பொருளாதார வரலாற்றில் அதைவிடச் சுவையானது எனக்குத் தெரிந்து இல்லை. கினே என்று பிரெஞ்சுக்காரர் அழைத்த நீலத் துணி அது. ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரையில் இந்தத் துணி பணமாகவே வழங்கியது. பாலைவனத்து மூர் வணிகர்கள் வேலம் பிசினைக் கொண்டுவந்து கொடுத்து, பதிலுக்கு இந்த நீலத் துணியை வாங்கிப் போனார்கள். அந்தப் பிசின் எங்கே போயிற்று? ஐரோப்பிய அச்சுப் பட்டறைகளுக்கு, காரநீரைக் கெட்டியாக்க. வித்தை கடிதமாகப் புறப்பட்ட அதே கரையிலிருந்து, அந்த வித்தைக்கு வேண்டிய பிசினுக்கான விலையும் துணியாகப் புறப்பட்டது. இந்த ஆதாயத்தைப் பார்த்து ஐரோப்பிய ஆலைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பிரான்சின் ரூவான் நகரத்தார் நகல் செய்து அனுப்பினார்கள். அவர்களிடம் இயந்திரம் இருந்தது, வேதியியல் இருந்தது, முதல் இருந்தது. ஆற்றங்கரையில் மூர் வணிகர் துணியைக் கையில் எடுத்து, தடவி, நிறம் பார்த்து, மோந்தும் பார்த்துத் தள்ளிவிட்டார். அவுரித் தொட்டியின் வாசனையும், கஞ்சியும் நீலமும் சேர்ந்து துணிக்குக் கொடுக்கும் மினுக்கமும் நகலில் இல்லை.

இங்கே புதுச்சேரி என்ன செய்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. 1826 முதல் 1828 வரை ஆளுநராக இருந்த தெபசேன் தெ ரிஷ்மோன் காலத்தில் தொழில் வளர்ச்சிக்கு ஊக்கம் தரப்பட்டது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் பிரான்சிலிருந்து இயந்திர நூற்பு இங்கே வந்து இறங்கியது. பின்னாளில் சவானா ஆலை என்று பேர் பெற்ற தொழிற்சாலையின் வேர் அங்கே இருக்கிறது. நூல் இயந்திரத்தில் நூற்கப்பட்டது. நீலம் தோய்ப்பது மட்டும் பழைய கைகளிலேயே இருந்தது. தகரை விதையை வேகவைத்துச் சேர்த்து, சுண்ணாம்பு இட்டு, தொட்டி புளிக்கும் பதத்தை மணத்திலும் நுரையிலும் அறியும் கை அது. வெளியிலிருந்து எதை எடுப்பது, உள்ளே எதை விட்டுக்கொடுக்காமல் வைப்பது என்ற கணக்கு சரியாக விழுந்தது. 1840களில் பிரெஞ்சு அரசு துணியின் நீளத்தையும் எடையையும் வரையறுத்து, முத்திரை குத்தியே கப்பலேற்ற வேண்டும் என்று விதித்தபோது, செனகல் வாடிக்கையாளரின் மூக்கும் விரலும் அறிந்ததற்கு ஒரு பகுதி எழுத்து வடிவம் கிடைத்தது. வாடிக்கையாளரின் அறிவும் வெளியறிவுதான், அதிலும் முதன்மையானது என்று இன்று பெரிய மாநாடுகளில் சொல்கிறார்கள். படிப்பறிவுக்கும் இயந்திரத்துக்கும் மட்டும் மதிப்புக் கொடுத்த ரூவான் அதைத் தவறவிட்டது. பாலைவனத்து மூக்கை மதித்த புதுச்சேரி ஒரு நூற்றாண்டு பிழைத்தது.

இனி எல்லாரும் மனத்தில் வைத்திருக்கும் மறுப்புக்கு வருகிறேன். கேர்தூவிடம் வாய் திறந்ததால்தானே நம் சாயக்காரர்கள் கெட்டார்கள்; வித்தையை மறைத்து வைத்திருந்தால் இன்றும் நம்மிடமே இருந்திருக்கும் அல்லவா? உணர்ச்சிக்கு இது இதமான வாதம். காலக்கணக்கு இதற்கு ஒத்துவரவில்லை. கடிதம் எழுதப்பட்ட பிறகும் நூறாண்டுக்கு மேல் இந்தக் கரையின் நீலத் துணி கடல் கடந்து விற்றது. அவுரியை வீழ்த்திய அடி வேறு இடத்திலிருந்து வந்தது. 1880இல் அடால்ஃப் பேயர் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் நீலத்தை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார். பி.ஏ.எஸ்.எஃப். என்ற சாயக் கம்பெனி அந்த முறையை வாங்கியது. வாங்கியும் அதைக் கொண்டு லாபமாக நீலம் செய்ய முடியவில்லை. 1890இல் சூரிச்சில் ஹாய்மான் என்பவர் வேறு ஒரு வழியைக் கண்டார், அதையும் எடுத்துக்கொண்டார்கள். அந்த வழிக்கு வேண்டிய மூலப்பொருளை மலிவாகச் செய்வதுதான் முட்டுக்கட்டை. ஆலை ஆய்வுக்கூடத்தில் ஒரு வெப்பமானி உடைந்து பாதரசம் கலவையில் கொட்டியபோது வினை சட்டென்று விரைவாயிற்று. உடைந்த கண்ணாடியைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகாமல், ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்கத் தெரிந்த ஆள் அங்கே இருந்தார். 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. பதினேழு ஆண்டு உழைப்பு; ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் மார்க் செலவு என்று கணக்கு. நம் தொட்டிக்காரரின் ரகசியம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. மறைத்து வைத்த அறிவையும் சுற்றிக்கொண்டு போக வழி உண்டு என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டாம்.

சாயக்காரர்களிடமிருந்து பறிபோனது ரகசியம் அன்று. திரும்பக் கற்கும் வழியே அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் சொன்னது பிரெஞ்சில் ஏறிப் பாரிசுக்குப் போயிற்று; பெர்த்தொலே வெளுப்பைப் பற்றி எழுதியது தமிழில் இறங்கிப் புதுச்சேரியின் முத்தியால்பேட்டைக்கு வரவில்லை. துபாஷி ஒரு திசையில் மட்டுமே வேலை செய்தார். அதற்கு அரசியல் காரணம் இருந்தது, சாதிக் காரணம் இருந்தது, கடன்பட்ட நெசவாளிக்குச் சோதனை செய்து பார்க்க முதல் இல்லாத காரணமும் இருந்தது. இவற்றைச் சொல்லாமல் ஏற்புத்திறன் என்று மட்டும் பேசினால், உதைபட்டவனிடம் நீ ஏன் ஓடப் பழகவில்லை என்று கேட்பதாகிவிடும்.

ஆலைகளின் பிற்காலக் கதையில் இந்த ஒருபக்க ஓட்டம் வேறு வடிவம் கொள்கிறது. கினேத் துணிக்குப் போட்டி கடுமையானபோது 1870களில் செனகலில் அந்நியத் துணிக்குக் கூடுதல் சுங்கம் போட்டுப் புதுச்சேரித் துணியைக் காத்தார்கள். 1898இல் ரோடியர் ஆலை, அதாவது நாம் ஏ.எஃப்.டி. என்று அழைக்கும் ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலை, தொடங்கப்பட்டது. சுங்கச் சுவரின் நிழல் குளிர்ச்சியானது. அதில் உட்கார்ந்தவருக்கு எழுந்து போய்ப் புதுச் சந்தையின் மூக்கை அறியத் தோன்றாது. இது என் கணிப்பு, எதிர்க்கருத்து உடையவர்கள் இருக்கலாம். ஆனால் உள்ளறிவைப் பற்றி 1936 சொல்வதில் ஐயத்துக்கு இடம் குறைவு. அந்த ஆண்டு ஜூலை 30ஆம் நாள் சவானா ஆலைத் தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பன்னிரண்டு பேர் மாண்டார்கள். தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டம் எட்டு மணி நேர வேலைக்கு வழி திறந்தது என்று பெருமையோடு நினைக்கிறோம். தொழில் வரலாறு எழுதுபவர் இன்னொன்றையும் குறிக்க வேண்டும். எந்த எந்திரம் எப்போது நூல் அறுக்கிறது, எந்தக் கஞ்சி எந்த மாதத்தில் பாவில் நிற்காது என்பது ஆலையில் உழைப்பவருக்குத்தான் முதலில் தெரியும். அவரோடு சிப்பாய் மூலம் மட்டும் பேசுகிற நிர்வாகம், தன் உள்ளறிவில் பெரும்பகுதியைத் தானே பூட்டிவைத்துவிட்டது. ஏ.எஃப்.டி. பிறகு அரசின் கைக்கு வந்தும், 2020 ஏப்ரலில் மூடப்பட்டது. அந்த முடிவுக்கு வேறு பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் இந்த ஒரு வாதத்தின் தலையில் கட்டிவிட மாட்டேன்.

நம் காலத்து மறுப்பு இப்படி வரும்: உள்ளறிவு, ஏற்புத்திறன் எல்லாம் பழங்கதை. உரிமக் கட்டணம் கட்டினால் வித்தை பெட்டியில் வந்து இறங்குகிறது. வாங்கிப் பொருத்திவிட வேண்டியதுதான். இதற்கு விடையாக மதுரையின் ஆரோலேப் நிறுவனத்தைச் சொல்வேன். ஊர் மதுரை என்றாலும் பெயர் இங்கிருந்து போனது. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கையோடு தொடங்கிய கண் மருத்துவமனைக்கு, 1910 முதல் இந்த ஊரில் வாழ்ந்த அரவிந்தரின் பெயரை வைத்தார். 2003 முதல் அதன் கிளை இங்கேயும் இருக்கிறது. 1980களில் கண்புரை நீக்கிய ஏழைக்குக் கிடைத்தது சோடாபுட்டிக் கண்ணாடி. கண்ணுக்குள்ளேயே பொருத்தும் வில்லை மேலைநாட்டில் இருந்தது. விலையோ ஏழைக்கு எட்டாதது. ஏழை நாடுகளில் இதைப் பெருமளவில் செய்வது நடக்காது என்று அறிவுரை சொன்ன வல்லுநர்களும் இருந்தார்கள். சேவா என்ற அமெரிக்க அறநிறுவனத்தின் துணையோடும் டேவிட் கிரீன் என்பவரின் முயற்சியாலும் ஃபுளோரிடாவில் ஒரு சிறு கம்பெனியிடமிருந்து வில்லை செய்யும் முறையை வாங்கி, 1992இல் ஆரோலேப் தொடங்கியது. ஆக, வித்தை விலைக்குத்தான் வந்தது. மறுப்பாளர் சொல்வது இதுவரை உண்மை.

ஆனால் அதே முறையை உலகில் வேறு யாரும் வாங்கியிருக்கலாமே, ஏன் மதுரையில் பலித்தது? அறுவை அரங்கமும் தொழிற்சாலையும் ஒரே குடும்பத்துக்குள் இருந்தன. காலையில் பொருத்திய வில்லை எப்படி உட்கார்ந்தது என்பதை மருத்துவர் மாலையில் பொறியாளரிடம் சொல்லலாம். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் அறுவை நடக்கும் இடத்தில் குறை தெரியாமல் தப்பாது. ஒவ்வொரு கட்டத்தையும் பிரித்து, ஊர்ப்பக்கத்துப் பெண்களைப் பயிற்றி, ஒரே தரத்தில் ஓயாமல் செய்யும் பழக்கம் மருத்துவமனையில் முன்பே ஊறியிருந்தது; வில்லைத் தொழிற்சாலைக்கு அந்தப் பழக்கமே அடித்தளம். நூறு டாலர் அளவில் இருந்த வில்லை அங்கே பத்து டாலர் அளவுக்கும், பிறகு அதற்கும் கீழேயும் இறங்கியது. அறுவைத் தையல் நூல், மருந்து, மடக்கு வில்லை என்று அடுத்தடுத்து அவர்களே செய்தார்கள். இன்று அவை நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன. பெட்டியில் வந்தது முதல் வில்லைதான். இரண்டாவது, மூன்றாவது பொருளைப் பெட்டி தரவில்லை. வாங்கிப் பொருத்தினால் போதும் என்பவர் அடுத்த பொருளுக்கும் அதே கடைக்குத்தான் போக வேண்டியிருக்கும். வரிச்சலுகைக்காகப் புதுச்சேரிக்கு வந்து, சலுகை தீர்ந்ததும் கடையைக் கட்டிக்கொண்டு போன ஆலைகளை இங்கே எண்ணிப் பாருங்கள். இயந்திரம் வந்தது, இயந்திரம் போயிற்று.

கடைசி மறுப்பு தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளிலிருந்து வரும். எனக்கு அதன்மேல் மரியாதை அதிகம். இருபது பேர் வேலை செய்யும் பட்டறைக்கு ஆய்வுக்கூடம் ஏது, வேதியியலர் ஏது, மாதக் கடைசியில் சம்பளம் போடுவதே பெரும்பாடு என்பார்கள். உள்ளறிவு என்றதும் கண்ணாடிக் கூடமும் வெள்ளை அங்கியும் நினைவுக்கு வருவதால் எழும் கவலை இது. ஊருக்கு வெளியே பத்துக் கல்லில் ஆரோவில் இருக்கிறது. அங்குள்ள மண் கட்டடக் கழகம் 1989இல் வேலையைத் தொடங்கியது. மண்ணில் சிறிது சிமெண்ட் கலந்து கையால் அழுத்திக் கல் செய்யும் கருவி அவர்கள் கண்டுபிடிப்பன்று. கொலம்பியாவின் பொகோட்டாவில் 1950களில் ராமிரேஸ் என்பவர் செய்த கருவிதான் அதற்கு முன்னோடி. பிரான்சின் கிரெனோபில் நகரத்து மண் கட்டட ஆய்வாளர்களின் அனுபவமும் வந்து சேர்ந்தது. இங்கே சேர்ந்தது இந்தச் செம்மண்ணை உருட்டிப் பார்த்து, நனைத்துப் பார்த்து, எத்தனை பங்கு மணல், எத்தனை பங்கு சிமெண்ட் என்று முடிவு செய்யும் பழக்கமும், இரும்புப் பட்டறை ஒன்றின் கைத்திறனும். ஆரம் என்ற அழுத்துபொறி அப்படி உருவாயிற்று. பல நாடுகளுக்குப் போகிறது. இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. மண்ணைத் தொட்டுப் பார்க்கவும், வந்த முறையைச் சந்தேகப்படவும், செய்து பார்த்ததைக் குறித்துவைக்கவும் நேரம் ஒதுக்கப்பட்ட ஆள்தான் தேவைப்பட்டார். இருபது பேர் பட்டறையில் ஒருவருக்கு வாரத்தில் அரை நாள் அப்படி ஒதுக்கினால் கணக்கு உடைந்துவிடாது. பேட்டைக்கு ஒருவர் என்று பத்துப் பட்டறை சேர்ந்து ஒரு துபாஷிக்குச் சம்பளம் கொடுத்தாலும் நடக்கும். பொறியியல் கல்லூரிகள் பக்கத்திலேயே இருக்கின்றன, அவற்றின் மொழியும் பட்டறையின் மொழியும் ஒன்றுக்கொன்று புரிவதில்லை என்பதுதான் இடையூறு.

இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளைக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். மூடிய ஆலைகளின் நிலத்துக்கும் இரும்புக்கும் விலை போட ஆள் இருக்கிறார்கள். அந்த ஆலைகளில் முப்பது ஆண்டு பாவுக்குக் கஞ்சி போட்டவர்கள், சாயப் பதம் பார்த்தவர்கள், பழுதான தறியைச் சத்தத்தைக் கேட்டே இனம் கண்டவர்கள் முதலியார்பேட்டையிலும் முத்தியால்பேட்டையிலும் வயதாகி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு தொழில்நுட்ப மாணவரை அனுப்பி, ஒவ்வொரு கட்டத்தையும் செய்து காட்டச் சொல்லி, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு துண்டு வெட்டி, பக்கத்தில் தமிழில் குறிப்பெழுதி வைக்கும் செலவை அறக்கட்டளை ஏற்கலாம். பொலியூ 1734இல் செய்த அதே வேலைதான். துண்டுகள் இந்த முறை இந்த ஊரிலேயே இருக்கும். படிக்க வருகிற பட்டறைக்காரர் கப்பலேற வேண்டியதில்லை.